வெள்ளரிக்காய் க்ரீம் சீஸ் சாண்ட்விச் முன்கூட்டியே செய்து வைத்தால் ஊறிப்போகிறதே, என்ன செய்யலாம்?

சாயங்காலம் வரும் விருந்தாளிகளுக்குக் காலையிலேயே செய்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுசாகச் செய்து வைக்க வேண்டாம். நறுக்குவது, வடிப்பது, சீஸ் கலப்பது இவற்றைக் காலையில் முடித்துவிட்டு, பிரெட்டில் தடவுவதை மட்டும் அவர்கள் வருவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். உப்பு பட்டால் அது கசியும். சாண்ட்விச்சுக்குள் கசிந்தால் பிரெட்தான் குடிக்கும். அதனால் அந்தத் தண்ணீரை வெளியிலேயே எடுத்துவிட வேண்டும். கண்ணுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக, வட்டமாகச் சீவுங்கள். வடிதட்டில் போட்டு அரை டீஸ்பூன் உப்பு பிசிறி, அடியில் ஒரு கிண்ணம் வைத்து 20 நிமிடம் விடுங்கள். கிண்ணத்தில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். அப்புறம் பழைய வேட்டித் துணியில் வட்டங்களைப் பரப்பி, மேலே இன்னொரு மடிப்புப் போட்டு உள்ளங்கையால் ஒற்றுங்கள். பிழிந்தால் கசங்கிவிடும். ஒரு வட்டத்தை மடித்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம்.

இங்கே புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டில் வாங்குவதாக இருந்தால் விதை முற்றாத பிஞ்சாகப் பார்த்து எடுங்கள். காம்புப் பக்கம் ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு கசப்புக் காய் போதும், தட்டு முழுக்கக் கெட்டுவிடும்.

பாண்டிச்சேரி என்றதும் பிரெஞ்சு ரொட்டி ஞாபகம் வரும். இதற்கு அது சரிப்படாது. மேல் ஓடு மொறுமொறுப்பாக இருப்பதால் கடிக்கும்போது உள்ளே இருப்பது மறுபக்கம் பிதுங்கிக்கொண்டு வரும். சாதாரண சாண்ட்விச் பிரெட், அதிலும் முந்தின நாள் வாங்கினது, நன்றாக நிற்கும். இனிப்பான மில்க் பிரெட் வேண்டாம்.

க்ரீம் சீஸை இரண்டு துண்டுகளிலும் ஓரம் வரை தடவுங்கள். அதிலிருக்கும் கொழுப்புதான் ஈரத்தைப் பிரெட்டுக்குள் விடாமல் தடுக்கும். நம் வெயிலுக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் வைத்தாலே தடவ வரும். விலை கையைக் கடிக்கத்தான் செய்யும். பாதிக்குப் பாதி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் துணியில் கட்டி வடித்த கெட்டித் தயிர் சேர்க்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் தடவியவுடன் பரிமாறிவிட வேண்டும். இல்லையென்றால் வெறும் உப்பு வெண்ணெய். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் டீயோடு வைக்கும் வெள்ளரி சாண்ட்விச்சில் காலங்காலமாக வெண்ணெய்தான். க்ரீம் சீஸ் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு.

கலவையில் மிளகுத்தூள், துருவிய எலுமிச்சைத் தோல் கொஞ்சம், பொடியாக நறுக்கின புதினா. சீஸிலும் வெள்ளரியிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, மேலே போடாதீர்கள். என் மாமியார் ஒரு வாய் கடித்துவிட்டு, "என்னம்மா இது, பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு?" என்றார். அதிலிருந்து பாதித் தட்டுக்கு விதை நீக்கின பச்சை மிளகாய் சேர்த்துவிடுகிறேன். அந்தப் பாதிதான் முதலில் காலியாகிறது.

ஓரம் வெட்டுவது கடைசி வேலை. மூடின சாண்ட்விச்சை அடுக்கி, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் மூடி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். துணி இல்லாவிட்டால் ஓரங்கள் காய்ந்து சுருண்டுகொள்ளும். டீ கொதிக்கும்போது எடுத்து, பல் வைத்த கத்தியால் நாலு பக்க ஓரத்தையும் நீக்கி, ஒவ்வொன்றையும் மூன்று நீளத் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்தால்தான் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஓரங்களைக் காயவைத்து மிக்ஸியில் அடித்தால் கட்லெட்டுக்கு ஆகும்.

200 கிராம் சீஸில் ஏழு சாண்ட்விச், அதாவது இருபத்தொரு துண்டு வரும். கூட சமோசாவோ பஜ்ஜியோ இருந்தால் ஏழெட்டுப் பேருக்குப் போதும்.