எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'ஃபசெகாஸ் 2': அம்மாவை ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. தலைசுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'சிறு இரத்தக்குழாய் நோய், ஃபசெகாஸ் 2, பழைய லக்கூன் ஒன்று' என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் "வயதானால் வருவதுதான்" என்று முடித்துக்கொண்டார். இதற்கிடையே, முதியோரின் மூளையை ஆண்டுதோறும் படமெடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்றில் சேர அழைப்பு வந்திருக்கிறது. அப்படி என்ன பார்ப்பார்கள்? சேரலாமா?

பதில்: சிறு இரத்தக்குழாய் நோய் என்று எழுதியிருந்தாலும், அந்தப் படத்தில் சிறு இரத்தக்குழாய் எதுவும் தெரியாது. நோயுறும் நுண்தமனிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதவை. வழக்கமான எம்.ஆர்.ஐ. பிடிப்பது, அந்தக் குழாய்கள் கெட்டதால் சுற்றியுள்ள திசுவில் விழுந்த தடங்களை. வாய்க்காலைப் பார்க்காமல், காய்ந்த பயிரை வைத்து அடைப்பை ஊகிப்பது போன்ற வேலை இது.

தடங்கள் பல வகை. 'ஃப்ளேர்' என்னும் எம்.ஆர்.ஐ. படமுறையில், வெண்பொருள் எனப்படும் நரம்பிழைகள் நிறைந்த மூளையின் உட்பகுதியில் பளிச்சென்று தெரியும் வெண்திட்டுகள் ஒன்று. திசு அழிந்து நீர் நிறைந்த குழியாக மிஞ்சிய 3 முதல் 15 மில்லிமீட்டர் வரையான லக்கூன் இன்னொன்று. இரும்புச்சத்துக்குக் கூர்மையான தனிப் படமுறையில் மட்டும் கரும்புள்ளிகளாகத் தெரியும் நுண்கசிவுகள், அதாவது மிகச் சிறிய இரத்தக்கசிவுகளின் எச்சங்கள், மூன்றாவது. சி.டி. ஸ்கேனில் இந்த நுண்கசிவுகள் தெரிவதில்லை. ஒரே தடத்தை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு பெயரில் அழைத்துக் குழப்பியதால், 2013-இல் 'ஸ்ட்ரைவ்' என்ற பன்னாட்டு வரையறை வந்தது. 2023-இல் அதைப் புதுப்பித்தார்கள்.

நுண்கசிவு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மூளையின் ஆழத்தில் இருந்தால் நெடுநாள் இரத்த அழுத்தத்தின் மேல் சந்தேகம் விழும். மூளையின் மேலடுக்கான புறணியை ஒட்டி மட்டுமே இருந்தால், குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்திருக்கலாம் என்று எண்ணுவோம். அம்மா இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறார் என்றால், அறிக்கையில் நுண்கசிவு பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

ஃபசெகாஸ் என்பது 1987-இல் வந்த, கண்ணால் பார்த்துப் போடும் மதிப்பெண்: 0 முதல் 3 வரை. திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் 2. வசதியான அளவுகோல், ஆனால் முரடானது. இருவருக்கும் 2 என்று போட்டாலும் ஒருவரின் வெண்திட்டுப் பரப்பு மற்றவரைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஒருவர் நன்றாக நடமாடுவார், மற்றவர் தடுமாறுவார். அறுபதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஒரு திட்டு இருக்கும். அந்த அளவில் மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் லக்கூன் என்பது, உணரப்பட்டதோ இல்லையோ, எப்போதோ நடந்து முடிந்த ஒரு சிறு பக்கவாதத்தின் வடுவாக இருக்கக்கூடும். அதை வயதின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வராது.

ஆய்வுகளில் ஆண்டுதோறும் படமெடுப்பதற்குக் காரணம் இதுதான். ஒற்றைப் படம் இன்றைய நிலையைத்தான் சொல்லும். அங்கே திட்டுகளின் கன அளவை மென்பொருளால் கணக்கிட்டு, எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பார்கள். சில வேளைகளில் சுருங்குவதும் உண்டு. அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வின் 2019 முடிவில், மேல் இரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழ் வைக்க முயன்றவர்களுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் திட்டுகள் 0.92 கன செ.மீ. வளர்ந்தன, 140-க்குக் கீழ் இலக்கு வைத்தவர்களுக்கு 1.45. கண்ணால் போடும் மதிப்பெண்ணில் இந்த வித்தியாசம் கரைந்துபோயிருக்கும். கவனிக்க வேண்டியது: அதே ஆய்வில் 120 குழுவுக்கு மூளையின் மொத்தக் கன அளவு சற்றே கூடுதலாகக் குறைந்தது. நீரிழிவுக்காரர்களையும் முன்பே பக்கவாதம் வந்தவர்களையும் அதில் சேர்க்கவும் இல்லை. ஆகவே அம்மாவின் இலக்கை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். நின்றவுடன் தலை சுற்றுகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஆய்வில் சேரலாம். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-கதிர் இல்லை. ஆனால் இதயமுடுக்கி, காதினுள் பொருத்திய கருவி, பழைய உலோகக் கிளிப் ஏதும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குறுகிய குழாய்க்குள், பெரும் இரைச்சலில், அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க அம்மாவால் முடியுமா? தலை சற்று அசைந்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள். எதிர்பாராமல் கட்டியோ வேறு ஏதோ தெரிந்தால் யார், எப்போது சொல்வார்கள்? ஒவ்வோர் ஆண்டும் அதே கருவிதானா? மாறினால் ஒப்பீடு தள்ளாடும். படத்தின் நகல் கிடைக்குமா? ஆய்வுப் படத்தைச் சிகிச்சைக்கான அறிக்கை போலப் பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சேர்ந்தாலும் சேராவிட்டாலும், இப்போது எடுத்த எம்.ஆர்.ஐ.யின் படச்சுருளோடு நிற்காமல், முழுப் பதிவையும் வட்டிலோ கோப்பாகவோ வாங்கி வைத்துவிடுங்கள். அம்மாவின் நடை மெதுவாகிறதா, ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்வதில் திணறுகிறாரா, சிறுநீர் அவசரம் கூடுகிறதா என்பதைத் தேதியோடு குறித்து வாருங்கள். இந்த நோய் பல நேரம் மறதிக்கு முன்பே அங்கேதான் தலைகாட்டும். இரண்டாவது படம் எடுக்கும் நாளில் அந்தக் குறிப்பையும் பழைய கோப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.