வெள்ளைத் தூசி இரண்டு வகை

கேள்வி: என் வீட்டுக்காரர் கருப்பூர் பக்கம் மாக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். "ஸ்கூல் லேபில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்தினாங்க, கண்ணே கூசிடுச்சு. அப்பா சட்டையில் ஒட்டிட்டு வர்றதும் அதுதானே?" என்கிறான் பத்தாவது படிக்கும் மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் தூசியே வெடிக்குமாமே? பயமாக இருக்கிறது.
– வாசகி, ஓமலூர்

பதில்: பயம் வேண்டாம் அம்மா. மகன் பார்த்தது உலோகம். மாக்னசைட் அந்த உலோகத்தின் கார்பனேட். அதில் உலோகம் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டது; இனிமேல் எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சூளையில் போட்டால்கூட கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மக்னீசியா என்ற மெக்னீசியம் ஆக்சைடு தங்குமே தவிர, தீப்பிடிக்காது.

நிலக்கரித் தூசி வெடிப்பது உண்மை. 1965 மே 28 அன்று இன்றைய ஜார்கண்டில் உள்ள தோரி சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 268 பேர் இறந்தார்கள். அதே மாநிலத்தில் ஜாரியா நிலக்கரிச் சுரங்கப் பக்கம் நான் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தபோது மூத்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். அங்கே நிலக்கரித் தூசியை அடக்க, சுண்ணாம்புக்கல் தூளைச் சுரங்கப் பாதை நெடுகத் தூவி வைப்போம். வெடிப்பின் காற்று அதையும் சேர்த்துக் கிளப்பும். அது சூட்டை உறிஞ்சித் தீ ஓடாமல் தடுக்கும். உங்கள் வீட்டுக்காரர் சட்டையில் இருப்பதும் அதே போன்ற ஒரு கார்பனேட் தூள்தான்.

ஆனால் நுரையீரலுக்கு அது ஆகாது. மாஸ்க் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: சேகோ (ஜவ்வரிசி) மில் வைத்திருக்கிறேன். ஸ்டார்ச் மாவு ஒரு பிடி எடுத்து அடுப்பில் போட்டுப் பார்த்தேன், கருகியதே தவிர எரியவில்லை. இன்சூரன்ஸ்காரர் வெடிப்புப் பரிசோதனை அறிக்கை கேட்கிறார். வீண் செலவுதானே?
– வாசகர், ஆத்தூர்

பதில்: இல்லை ஐயா. மாக்னசைட்டைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் மாவுதான். குவியலாகக் கிடக்கும் மாவுக்குள் காற்று போகாது, அதனால் கருகுகிறது. அதே மாவு சல்லடையிலும் டிரையரிலும் மூட்டை பிடிக்கும் இடத்திலும் புகைபோல எழும்பும்போது ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கும். அப்போது ஒரு பொறி போதும்.

நிலக்கரித் தூசியைச் சோதிக்கும் அதே கருவியில்தான் உங்கள் மாவையும் சோதிப்பார்கள். 20 லிட்டர் கொள்ளும் எஃகு உருண்டை அது. எடைபோட்ட மாவைக் காற்றழுத்தத்தால் உள்ளே பீய்ச்சுவார்கள். 60 மில்லி விநாடி கழித்து நடுவில் பற்றவைப்பான் வெடிக்கும். அழுத்தம் எவ்வளவு ஏறியது, எத்தனை வேகத்தில் ஏறியது என்று பதிவாகும். எந்த அளவு மாவுக்குக் கீழே வெடிப்பதில்லை என்று தெரியும்வரை அளவைக் குறைத்துக்கொண்டே போவார்கள். மாவுச்சத்து வகைகள் பலவற்றில் அழுத்தம் லாரி டயரில் இருக்கும் அளவுக்கு ஏறும். செங்கல் சுவர் அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது.

முதல் வெடிப்பு சிறியதாகவே இருக்கலாம். அது உத்தரத்திலும் மோட்டார் மேலும் படிந்திருக்கும் மாவை உலுக்கிக் கிளப்பும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சர்க்கரை ஆலையில் இப்படித்தான் 14 பேர் போனார்கள். சர்க்கரைக்கே அந்தக் கதி.

அறிக்கை வரும்வரை சும்மா இருக்காதீர்கள். உத்தரத்தை வாரம் தவறாமல் சுத்தம் செய்யுங்கள்; கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளவே கூடாது. டிரையர் குழாய்களுக்கு எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெல்டிங் வேலை என்றால் மில்லை நிறுத்தி, மாவைத் துடைத்தெடுத்த பிறகுதான்.

கேள்வி: கன்வேயர் பெல்ட் விற்பவர் தீக்குச்சி கிழித்துக் காட்டி "பிடிக்காது பாருங்க" என்றார். நம்பலாமா?
– வாசகர், மேட்டூர்

பதில்: கூடாது. 1950 செப்டம்பரில் இங்கிலாந்தின் கிரெஸ்வெல் சுரங்கத்தில் 80 பேரைக் கொன்ற தீ, பெல்ட் உராய்ந்து பிடித்ததுதான். அதனால்தான் சுரங்க பெல்ட்டுக்கு உருளைச் சோதனை உண்டு: பெல்ட் துண்டை அசையாமல் இழுத்துப் பிடித்து, அதன் அடியில் எஃகு உருளையைச் சுழலவிடுவார்கள். சுடரோ கனலோ தெரிந்தால் பெல்ட் தேறாது. அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். சான்றிதழில் உள்ள எண்ணும் பெல்ட்டில் பதித்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.