கார்ட்ரிட்ஜ் அப்படியே இருக்க, டோன்ஆர்மை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். இசைத்தட்டைச் சுழற்றும் மிச்செல் கைரோ எஸ்இ டர்ன்டேபிளில் பழைய ரேகா ஆர்பி300 டோன்ஆர்மும் (தட்டின் மேல் நகரும் கை) அதன் முனையில் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜும் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) பொருத்தியிருக்கிறேன். டோன்ஆர்முக்காக 2,500 பவுண்டு வரை செலவிடத் தயார். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட எஸ்எம்இ சீரிஸ் ஃபைவ், ரேகாவின் ஆர்பி3000, ஏதேனும் ஒரு 12 அங்குல ஆர்ம் ஆகிய மூன்றும் மனத்தில் உள்ளன. என்னிடமுள்ள இசைத்தட்டுகளில் பாதி ஊரிலிருந்து வந்தவை, பல வளைந்துபோயிருக்கின்றன. எதை வாங்கலாம்? நம்பகமான டீலரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளில் இரண்டாவதற்குத்தான் முதலில் விடை காண வேண்டும். ஆம்ப்ளிஃபயரையோ ஸ்பீக்கரையோ வீட்டுக்கு எடுத்து வந்து, ஒரு வாரம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். டோன்ஆர்ம் விஷயத்தில் அது நடவாது. அதற்குப் பொருந்தும் ஆர்ம்போர்டு, அதாவது ஆர்மை டர்ன்டேபிளில் பூட்டும் பலகை, வேண்டும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்ட வேண்டும். ஊசி தட்டில் பதியும் இடம், கோணம், அழுத்தம் அனைத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்து, இரண்டு ஆர்ம்களை ஒரே நிலைமையில் உங்களுக்குக் கேட்கக் கொடுக்கும் டீலர் இல்லாவிட்டால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு ஆர்ம்களையா அல்லது யாரோ செய்த இரண்டு பொருத்தல் வேலைகளையா என்பதே தெரியாமல் போய்விடும்.

இருப்பினும் டீலரிடம் போவதற்கு முன் நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. டோன்ஆர்மின் செயல் நிறையும் (ஊசி அசையும்போது அது உணரும் ஆர்மின் எடை), கார்ட்ரிட்ஜின் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பரின் நெகிழ்வும் (கம்ப்ளையன்ஸ்) சேர்ந்து குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் தாமாகவே ஆடத் தொடங்கும். தட்டு வளைந்திருப்பதால் எழும் அசைவுகள் பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை. இசை 20 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது. ஆகவே இந்த ஒத்ததிர்வு 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுமாறு ஆர்மையும் கார்ட்ரிட்ஜையும் சோடி சேர்ப்பது வழக்கம். ஆர்மின் செயல் நிறை, கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை ஆகிய மூன்றையும் கிராமில் கூட்டி, அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் கிடைத்துவிடும்.

உங்கள் டிஎல்-103இன் எடை 8.5 கிராம். அதன் கம்ப்ளையன்ஸ் 5 என்று டெனான் குறிப்பிடுகிறது. ஆனால் அது ஜப்பானிய வழக்கப்படி 100 ஹெர்ட்ஸில் அளந்த எண். நமக்கு வேண்டிய 10 ஹெர்ட்ஸுக்கு மாற்ற, அதை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்வார்கள். ஆர்பி300இன் செயல் நிறையைச் சுமார் 11 கிராம் என்றும் திருகுகளை 1 கிராம் என்றும் கொண்டால், ஒத்ததிர்வு 11 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை வருகிறது. மோசமில்லை, ஆனால் மேல் விளிம்பு. சீரிஸ் ஃபைவின் செயல் நிறையும் 10, 11 கிராம்தான். ஆர்பி3000உம் ஏறக்குறைய அதே வகுப்பு. அதாவது 2,500 பவுண்டு செலவழித்த பிறகும் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அதற்கு மாறாக, ஹெட்ஷெல்லுக்கும் (கார்ட்ரிட்ஜைப் பூட்டும் ஆர்மின் முனை) கார்ட்ரிட்ஜுக்கும் இடையில் 4 கிராம் பித்தளைத் தகடு ஒன்றைச் செருகி, ஆர்மின் பின்முனையிலுள்ள எதிர் எடையான கவுன்டர்வெயிட்டையும் ஊசி அழுத்தத்தையும் மறுபடி சரிசெய்து, தகட்டின் தடிமனுக்கு ஏற்ப ஆர்மின் உயரத்தையும் ஸ்பேசரால் (அடியில் வைக்கும் வளையத்தால்) ஈடுகட்டினால் ஒத்ததிர்வு 10 முதல் 12க்குள் இறங்கிவிடும். சில பவுண்டுகளில் முடிகிற இந்தச் சோதனையை முதலில் செய்து பாருங்கள். டிஎல்-103ஐக் கனமான ஆர்மில் பூட்டிக் கேட்பவர்கள் மெச்சுகிற அந்தத் திடமான அடித்தளத்தில் கணிசமான பங்கு இதிலேயே கிடைத்துவிடலாம்.

அப்படியானால் விலையுயர்ந்த ஆர்ம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆர்ம் திரும்பும் அச்சைத் தாங்கும் பேரிங்கின் துல்லியத்துக்கும், ஆர்மின் குழலின் விறைப்புக்கும் என்று சொல்லலாம். குறைந்த கம்ப்ளையன்ஸ் கொண்ட கார்ட்ரிட்ஜ், ஊசியின் அதிர்வில் பெரும்பங்கை ஆர்முக்குள் தள்ளிவிடும். அந்த ஆற்றல் குழலிலும் பேரிங்கிலும் சுற்றித் திரும்பி ஊசிக்கே வந்து சேர்ந்தால், தவிலின் தொப்பிப் பக்க அடி தடித்துக் குழம்பும். 1983இல் வந்த ஆர்பி300 ஒரே வார்ப்பாக அலுமினியத்தில் செய்யப்பட்டது என்பதால் அந்த விலைக்கு இன்றும் அது வியப்புக்குரியது. 1980களின் நடுவில் வந்த சீரிஸ் ஃபைவின் குழலோ ஹெட்ஷெல் முதல் பேரிங் வரை ஒரே மக்னீசிய வார்ப்பு. அதோடு, சிலிகோன் எண்ணெய் நிரப்பிய சிறு தொட்டியில் தோயும் துடுப்பின் மூலம் ஆர்மின் ஆட்டத்தைத் தணிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. வளைந்த தட்டுகள் வைத்திருப்பவருக்கு அந்தத் தொட்டி வெறும் அலங்காரம் ஆகாது. ஆர்பி3000இல் பேரிங் மிக நேர்த்தியானது. ஆனால் இத்தகைய தணிப்பு ஏற்பாடு இல்லை. ஆர்மை உயர்த்த வேண்டுமானால் அடியில் ஸ்பேசர் வைக்க வேண்டும்.

உயரச் சரிசெய்தலைப் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். 9 அங்குல ஆர்மின் பின்புறத்தை 1 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஊசியின் சாய்வு மாறுவது கால் டிகிரிதான். அதுவும் டிஎல்-103இன் ஊசிமுனை உருண்டையானது; கூர்விளிம்பு முனைகள் பொருட்படுத்துகிற அளவுக்கு அது சாய்வைப் பொருட்படுத்தாது. தட்டு சுழலும்போதே உயரத்தை மாற்றும் திருகுக்காக இப்போது பணம் கொடுக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் நுண்முனைக் கார்ட்ரிட்ஜுக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு வேறு.

12 அங்குல ஆர்மை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கும் கைரோவில் அதற்கு இடமும் இல்லை, ஆதாரமும் இல்லை. நீளமான ஆர்மில் தடக் கோணப் பிழை, அதாவது ஊசி தடத்தின் திசையிலிருந்து விலகி நிற்கும் கோணம், கால் பங்கு குறைவது உண்மையே. ஆனால் 9 அங்குல ஆர்மில் ஓவர்ஹேங் (ஊசிமுனை தட்டின் மையத்தைத் தாண்டி நீளும் தூரம்) 1 மில்லிமீட்டர் தவறினாலே தட்டின் உள்வட்டத்தில் கிட்டத்தட்ட 0.9 டிகிரி பிழை சேர்ந்துவிடுகிறது; நீளத்தால் வரும் ஆதாயம் அரை டிகிரி அளவுதான். நீளத்துக்குக் கொடுக்கும் பணத்தைச் சரியான பொருத்தலுக்குக் கொடுப்பதே மேல்.

ஆகவே என் சாய்வு சீரிஸ் ஃபைவ் பக்கம். ஆனால் அதில் சில சிக்கல்கள் உள்ளன. டோன்ஆர்ம்களைத் தனியாக விற்பதை எஸ்எம்இ 2019 டிசம்பரில் நிறுத்திவிட்டது. அதன் பிறகு தங்கள் டர்ன்டேபிளுடன் சேர்த்தே விற்றார்கள். ஆகவே உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒருவர் கையாண்ட ஆர்ம். அதன் ஹெட்ஷெல்லில் நீள்துளைகள் இல்லை, இரண்டு வட்டத் துளைகளே உண்டு. ஆர்மின் அடித்தளத்தை முன்பின் நகர்த்தித்தான் ஓவர்ஹேங்கை அமைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் இடவலமாகச் சாய்ந்திருந்தால் ஆர்மில் அதைத் திருத்த வழியில்லை. ஆர்மின் சுழல்மையத்திலிருந்து தட்டின் மையம் வரையிலான தூரமும் ரேகாவில் 222 மில்லிமீட்டர், எஸ்எம்இயில் ஏறத்தாழ 215. எனவே புதிய ஆர்ம்போர்டு கட்டாயம். அதன் விலையையும், ஆர்மின் எடை மாறியதால் ஸ்பிரிங்குகளை மீண்டும் மட்டம் பார்க்கும் வேலையையும் உங்கள் தொகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்திய ஆர்மைக் கையில் எடுத்ததும் பேரிங்கைப் பாருங்கள். ஊசிக்கு உறை மாட்டி, அழுத்தத்தையும் ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் (ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் விசை) பூச்சியத்தில் வைத்து, கவுன்டர்வெயிட்டை நகர்த்தி ஆர்ம் கிடைமட்டமாக மிதக்குமாறு செய்யுங்கள். எண்ணெய்த் தணிப்பின் துடுப்பு தொட்டியைத் தொடாமல் மேலே இருக்கட்டும். மெல்ல ஊதினால் ஆர்ம் தயங்காமல் நகர வேண்டும். எங்காவது ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டி நின்றால் பேரிங்கில் தழும்பு விழுந்திருக்கிறது என்று பொருள். பிறகு ஹெட்ஷெல்லை இரு விரலால் பிடித்து, முன்னும் பின்னும் மிக மென்மையாக அசையுங்கள். பேரிங் பக்கம் சின்னதாக ஒரு ‘டிக்’ விரலுக்குத் தெரிந்தாலே அந்த ஆர்மை வைத்துவிட்டு வந்துவிடலாம். இந்தச் சோதனை சீரிஸ் ஃபைவ், ரேகா போன்ற ஆர்ம்களுக்கு உரியது. ஒரே முனையில் நிற்கும் யூனிபிவட் ஆர்ம்களும் கத்திமுனையில் அமரும் பழைய எஸ்எம்இ 3009உம் இயல்பாகவே சற்று அசையும்.

இனி டீலர். தொலைபேசியில் பேசும்போதே ஆளை ஓரளவு எடைபோட்டுவிடலாம். உங்களிடம் என்ன டர்ன்டேபிள், என்ன கார்ட்ரிட்ஜ், என்ன போனோ ஸ்டேஜ் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் கருவி), எந்த மாதிரித் தட்டுகள் என்று கேட்ட பிறகு ஆர்மின் பெயரைச் சொல்பவர் வேலை தெரிந்தவர். எடுத்த எடுப்பில் எவ்வளவு செலவழிப்பீர்கள் என்று கேட்பவரிடம் நான் போக மாட்டேன். பொருத்தும் வேலையைக் கடையிலேயே யார் செய்கிறார், ஊசியின் இடத்தையும் கோணத்தையும் அமைக்க எந்த அளவுகோலை (புரொட்ராக்டர்) பயன்படுத்துகிறார், வேலையின்போது ஊசி முறிந்தால் யார் பொறுப்பு என்று நீங்களும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர்கள் குறைவு. ரேகாவும் மிச்செல்லும் இங்கிலாந்து நிறுவனங்கள் என்பதால், அவர்களின் அங்கீகாரம் பெற்ற கடைகளில் வார நாளொன்றில் நேரம் கேட்டு வாங்குவது கடினமில்லை. பிரிஸ்டலில் பிப்ரவரியில் நடக்கும் ஹை-ஃபை கண்காட்சிக்குப் போனால் பல டீலர்களை ஒரே நாளில் சந்திக்கலாம். ஆனால் நெரிசலான ஓட்டல் அறையில் கேட்டதை வைத்து ஆர்மைத் தேர்ந்துவிடாதீர்கள்.

கேட்கப் போகும்போது உங்கள் தட்டுகளையே கொண்டு செல்லுங்கள். நன்றாக வளைந்த ஒன்று, ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் வீணையோ வயலினோ தனித்து ஒலிக்கும் ஒன்று, நாகசுரமும் தவிலும் சேர்ந்த ஒன்று என்று மூன்று போதும். இரண்டு ஆர்ம்களிலும் ஒரே மாதிரிக் கார்ட்ரிட்ஜ், ஒரே டர்ன்டேபிள், ஒரே ஒலியளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதுமே சிறந்ததாகத் தோன்றும் என்பது பழைய விற்பனைத் தந்திரம். வளைந்த தட்டை ஓட்டும்போது ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரின் கூம்பையும் பாருங்கள். அது பெரிதாக உள்ளும் புறமும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால், நாம் மேலே போட்ட கணக்கில் ஏதோ பொருந்தவில்லை.

பணம் கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. பிரிட்டனில் இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கிய பொருளை, அது கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய உரிமை உண்டு. கடைக்கே போய் வாங்கினால் அந்த உரிமை தானாகக் கிடைக்காது. உங்கள் அளவுக்கென்று வெட்டிய ஆர்ம்போர்டுக்கும் அது பொருந்தாது. குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமை, டீலரிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் உண்டு, தனிநபரிடம் வாங்கியதற்கு இல்லை. சீரிஸ் ஃபைவுக்குத் தனிநபர்கள் கேட்கும் விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், டீலரிடம் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்வது இதனால்தான். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கினால், விற்றவர் கைவிரித்தாலும் அட்டை நிறுவனத்திடம் கோரலாம். ரசீதில் ஆர்மின் வரிசை எண், பேரிங் சோதிக்கப்பட்டது என்ற குறிப்பு, பொருத்தும் கூலி, சில வாரம் ஓடிய பிறகு ஒருமுறை இலவசமாகச் சரிபார்ப்பது ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள். பழைய ஆர்பி300ஐ மாற்றில் கொடுத்துவிடாமல், புதிய ஆர்ம் நிலைத்துவிட்டது என்று தெரியும்வரை அதன் ஆர்ம்போர்டோடு வீட்டில் வைத்திருங்கள்.