மதிப்பெண் பார்த்து மேலாளரைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலைத்தூள் தயாரிக்கும் தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவைக் கவனிக்கிறேன். மேலாளர் ஓய்வு பெறப்போகிறார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க, கோவையிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்துத் தலைமைத்திறன் தேர்வு வைத்தார் எங்கள் முதலாளி. நன்றாகப் பேசக்கூடிய இளம் சூப்பர்வைசர் முதலிடம். தூள் தயாரிப்பைக் கவனிக்கும் அனுபவசாலியான டீ மேக்கர் கடைசி இடம். தொழிலாளர்கள் மத்தியில் முணுமுணுப்பு. தலைமைத்திறனை அளக்கவே முடியாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: அளக்க முடியும், சகோதரி. ஆனால் டிக் அடிக்கும் தாளில் முடியாது. ‘நெருக்கடியில் நிதானமாக இருப்பேன்’ என்ற வரிக்கு ‘இல்லை’ என்று யார் டிக் அடிப்பார்கள்?

அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் 1956-ல் டக்ளஸ் பிரே என்ற உளவியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இளம் அலுவலர்களுக்கு மேலாளர் வேலையைப் போலவே பயிற்சிகள் கொடுத்து, அவர்கள் செய்வதைக் கவனித்துக் குறித்தார்கள். முடிவுகளை நிர்வாகத்திடம் காட்டவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, பதவியில் உயர்ந்தவர்களோடு ஒப்பிட்டபோது கணிப்பு பெருமளவு பலித்திருந்தது.

உங்களுக்கு அப்படிப் பயிற்சி உருவாக்கும் வேலைகூட இல்லை. சீசன் வந்தால் தானாக அமையும். மழை பெய்கிறது, நனைந்த இலை வண்டி வண்டியாக இறங்குகிறது, இலையைப் பரப்பி வாடவைக்கும் விதரிங் ட்ரஃப் எல்லாம் நிரம்பிவிட்டது. அவற்றில் இலையை இன்னும் கனமாகக் கொட்டினால் சூடேறிச் சிவந்துவிடும். எடை மேடையில் ஒரு விவசாயி, ஈரத்துக்கு எடை கழித்தது அநியாயம் என்று சத்தம் போடுகிறார். அந்த நேரத்தில் உங்கள் ஆள் என்ன செய்கிறார்? விவசாயியைப் பக்கத்தில் அழைத்து, மூட்டையில் கைவிட்டு ஈரத்தைக் காட்டிப் பேசுகிறாரா, விரட்டுகிறாரா? ஒவ்வொன்றுக்கும் முதலாளிக்குப் போன் போடுகிறாரா? இரவு ஷிஃப்டுக்கு விவரம் சொல்லிவிட்டுப் போகிறாரா?

கண்ணால் பார்த்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள். ‘பொறுப்பானவர்’ என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். ‘எந்த ட்ரஃபை முதலில் இறக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்’ என்று எழுதினால் அது சாட்சி.

ஆகவே, சீசனிலேயே இருவரையும் ஆளுக்குச் சில வாரம் பொறுப்பு மேலாளராக இருக்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களிடமே இருக்க வேண்டும்; முதலாளி இதற்கு மனதார ஒப்புக்கொள்வது முக்கியம். வாரக் கடைசியில் உட்கார்ந்து, மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் அது மாறியதா என்று பாருங்கள். சொன்னதைக் கேட்டு மாறுகிறவரை வளர்க்கலாம். இரண்டு நாள் வகுப்பில் இந்த வளர்ச்சி வராது.

கீழே வேலை செய்பவர்களிடமும் கேளுங்கள், குறிப்பாக தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் சிஃப்டிங்கில் இருக்கும் பெண்களிடம். ஆனால் சின்னத் தொழிற்சாலையில் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்பதெல்லாம் பாதுகாப்பே இல்லை. கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். வெளியாள் ஒருவர் வாய்மொழியாகக் கேட்டு, சாரத்தை மட்டும் சொல்லட்டும். ‘உங்கள் கையால் தப்பு நடந்தால் அவரிடம் பயமில்லாமல் சொல்வீர்களா?’ என்ற ஒரு கேள்வி போதும்.

டீ மேக்கர் கடைசியில் வந்ததால் அவர் லாயக்கில்லை என்று ஆகாது. அதேபோல, நல்ல தூள் தயாரிப்பவர் என்பதற்காகவே ஆட்களை நடத்தவும் வருமென்று நம்பவும் வேண்டாம். அதிகம் விற்ற விற்பனையாளர்களையே மேலாளர்களாக்கியபோது, அவர்களின் குழுக்கள் பின்தங்கியதை 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அவருக்கு அந்தப் பொறுப்பில் விருப்பம் உண்டா என்று இதுவரை யாராவது கேட்டீர்களா? விருப்பமில்லை என்றால், தலைமை டீ மேக்கர் என்று ஒரு பதவியும் மேலாளருக்குச் சமமான சம்பளமும் கொடுக்க முடியுமா என்று முதலாளியிடம் இப்போதே பேசுங்கள். நியமனத்தை அறிவித்த பிறகு அதைக் கொடுத்தால், ஆறுதல் பரிசாகத்தான் எடுத்துக்கொள்வார்.