‘அப்னாமே’ என்றால் ஏற்பா, பெறுதலா?

கேள்வி: இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் பொது விற்பனை நிபந்தனைகளை, இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வருகிறேன். ‘அப்னாமே’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு அகராதி ‘அக்செப்டன்ஸ்’ (ஏற்பு) என்கிறது. போக்குவரத்துச் செலவு பற்றிய ‘ஃப்ரை ஹவுஸ்’ என்ற தொடரை ‘டிடிபி’ (டெலிவர்ட் டியூட்டி பெய்ட்) என்று எழுதிவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். இரண்டும் சரிதானா?

பதில்: இரண்டையும் அப்படியே எழுத வேண்டாம்.

ஜெர்மன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் பிரிவு 433, விலையைச் செலுத்துவதோடு வாங்கிய பொருளை எடுத்துக்கொள்வதையும் வாங்குபவரின் கடமையாக்குகிறது. அங்கே ‘அப்னாமே’ என்பது வந்திறங்கிய சரக்கைக் கையில் வாங்கிக்கொள்வது மட்டுமே. ஒரு வேலையைச் செய்து முடித்துத் தருவதற்கான ஒப்பந்தங்களைப் பற்றிய பிரிவு 640-இல் வரும் அதே சொல்லோ, செய்து முடித்த வேலை ஒப்பந்தப்படியே அமைந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வதையும் உள்ளடக்கியது. உங்கள் ஆவணம் உதிரிபாக விற்பனையைப் பற்றியது என்பதால் ‘டேக்கிங் டெலிவரி’ (சரக்கைப் பெற்றுக்கொள்ளுதல்) என்பதே பொருந்தும்.

‘அக்செப்டன்ஸ்’ என்று எழுதினால் விளைவு பெரிது. இங்கிலாந்தின் 1979-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 11, 35 ஆகிய பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், சரக்கை அந்தச் சட்டம் சொல்லும் அர்த்தத்தில் ஏற்றுவிட்டவர் பொதுவாக அதை நிராகரிக்கும் உரிமையை இழந்து, இழப்பீடு மட்டுமே கேட்க முடியும் என்பது தெரியும். லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டதுமே அந்த உரிமை போய்விட்டதாக ஆங்கில வாசகர் நினைக்க நேரிடும். ஜெர்மன் மூல ஆவணம் அப்படிச் சொல்லவே இல்லை. குறைபாடு பற்றிய கடமை ஜெர்மன் வணிகச் சட்டத் தொகுப்பின் பிரிவு 377-இல் தனியாக இருக்கிறது: வாங்குபவரும் வணிகராக இருந்தால், சரக்கைத் தாமதமின்றிச் சோதித்து, கண்ட குறையைத் தெரிவிக்க வேண்டும். ஆனால் இயந்திரத்தை நிறுவி இயக்கிக் காட்டும் பணியும் ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த உட்பிரிவில் மட்டும் ‘அக்செப்டன்ஸ்’ சரியான சொல்லாகிவிடும். ஆகவே ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

‘ஃப்ரை ஹவுஸ்’ என்பது வாங்குபவரின் வாசல்வரை போக்குவரத்துச் செலவு விற்பவருடையது என்று சொல்லும் சொல்வழக்கு. ‘டிடிபி’ என்பதோ சர்வதேச வணிகச் சபையின் இன்கோடெர்ம்ஸ் விதி; சரக்கு ஒப்படைப்பில் செலவும் பொறுப்பும் யாருடையவை என்று சொல்லும் விதித்தொகுப்பு அது. இறக்குமதிச் சுங்க வேலையையும் வரியையும்கூட ‘டிடிபி’ விற்பவர் தலையில் வைக்கிறது. மூலத்தில் இல்லாத அந்தச் சுமையை மொழிபெயர்ப்பாளர் ஏற்றக் கூடாது. ‘கேரேஜ் பெய்ட் டு’ என்று எழுதினாலும் அது ‘சிபிடி’ என்ற இன்னொரு விதியின் பெயராகிவிடும். ‘ஃப்ரீ டு தி பையர்ஸ் ப்ரெமிஸஸ்’ (வாங்குபவரின் இடம்வரை செலவில்லாமல்) என்று எழுதி, ஜெர்மன் சொல்லையும் அருகிலேயே வைத்துவிடுங்கள்.

வழியில் சரக்கு சேதமானாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு என்ற இழப்பு அபாயம் எப்போது கைமாறுகிறது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஜெர்மன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் பிரிவு 447-இன்படி, வாங்குபவரின் வேண்டுகோளின் பேரில் வேறிடத்துக்கு அனுப்பும் சரக்கின் அபாயம், அதைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே வாங்குபவருக்குச் செல்கிறது. செலவு விற்பவருடையது என்பதாலேயே அந்த விதி தானாக மாறிவிடாது.