மளிகைக் கடைக்கு மெயின் ரோடா, லைன் வீட்டுத் தெருவா?

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, மளிகைக் கடை போட ரெண்டு இடம் பாத்திருக்காராம், ஒண்ணு பஸ் ஓடுற மெயின் ரோட்டுல, வாடகை 18,000, இன்னொண்ணு பனியன் கம்பெனி ஆளுங்க இருக்கிற லைன் வீடுங்க பக்கத்துல, 9,000, ரெண்டுமே 12க்கு 25 அடி, எதை எடுக்கறது, உள்ள எப்படி அடுக்கறதுன்னு.

ரெண்டாவது இடத்தையே எடுங்க தம்பி. மெயின் ரோட்டுல வண்டி நிறைய போகும், ஆனா அரைக்கிலோ பருப்புக்கு எவனும் பைக்கை ஓரங்கட்ட மாட்டான், அதுவும் நடுவுல சென்டர் மீடியன் போட்டுட்டா எதிர்ப்பக்கத்து ஆளு உங்களுக்கு இல்லவே இல்ல. உங்க ஊர்ல பல கம்பெனியில சனிக்கிழமை வாரக்கூலி, அந்தக் காசு சனி சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் வீட்டுப்பக்கத்துலதான் செலவாகும். அதனால ஒரு சனிக்கிழமை ஷிப்ட் விடுற நேரத்துல அந்தத் தெருவுல போய் நில்லுங்க, சாதாரண நாள்ல காலைல பால் வாங்குற நேரத்துலயும் நில்லுங்க, எத்தனை பேர் கையில பையோட போறாங்கன்னு எண்ணுங்க, கம்பெனி விட்டு வீட்டுக்குத் திரும்புறவங்களுக்கு இடது கைப்பக்கமா கடை இருந்தா இன்னும் நல்லது, ரோடு தாண்ட வேண்டியதில்ல. வடநாட்டு ஆளுங்க அதிகம்னா ஆட்டா, கடுகெண்ணெய், உருளைக்கிழங்கு கட்டாயம் வைக்கணும்.

கடை மேற்கு பாத்து இருக்கான்னு கவனிங்க, மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா உள்ள விழுந்து சாக்லேட் உருகும், பாக்கெட் எல்லாம் வெளுக்கும், முன்னாடி ஷீட் இறக்கியே ஆகணும்.

உள்ள கல்லா வாசல் பக்கத்துலயே இருக்கட்டும், உக்காந்த இடத்துல இருந்து கடைசி ரேக் வரைக்கும் தெரியணும். பால், தயிர் ஃப்ரிட்ஜை உள்பக்கம் தள்ளி வைங்க, பாலுக்கு வர்றவங்க ரேக்கைத் தாண்டித்தான் போகணும், போற வழியில பிஸ்கட்டோ சோப்போ கண்ணுல படும். நடுவுல உயரமான ரேக் வேண்டாம், 12 அடி அகலத்துல ரெண்டு பக்கச் சுவரோட நின்னுடுங்க, அதிகபட்சம் இடுப்பளவு ஒண்ணு, சுத்தி மூணடி நடை கண்டிப்பா விடணும், கூடையோட ரெண்டு பேர் எதிரெதிர வந்தா முட்டிக்கக் கூடாது. அரிசி மூட்டையைத் தரையில போடாதீங்க, பலகை மேல, சுவரை விட்டுத் தள்ளி. சோப்பு, ஊதுபத்தியை டீத்தூள், மாவு பக்கத்துல அடுக்கவே கூடாது, வாசம் ஏறிடும்.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கரண்ட் மீட்டரைப் பாருங்க, லைன் வீட்டை ஒட்டின கடைன்னா வீட்டு இணைப்புலயே ஓட்டச் சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, கடைக்குத் தனியா கமர்ஷியல் இணைப்பு வேணும். 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்துல போட்டுப் பதிவும் பண்ணச் சொல்லுங்க, எத்தனை வருஷத்துக்கு வாடகை எவ்வளவு ஏறும்னு அதுலயே இருக்கணும்.