கப் வாகனத்தின் முன்பக்கத்தை உயர்த்துவது: கேள்வி பதில்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியில், இருக்கிற கப்பையே (பிக்கப்) பேணி ஓட்டும் பழக்கம் எங்கள் பக்கம் கூடிவிட்டது. இருபது வருடம் ஓடிய வாகனத்தின் மூக்கு இறங்கத்தான் செய்யும். இம்முறை வந்த கேள்விகள் அநேகமாக எல்லாம் அதைப் பற்றியவை.

என்னிடம் 2001ஆம் ஆண்டு மிட்சுபிசி எல்200 டபிள் கப் இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ். முன்பக்கம் இறங்கிவிட்டது. டோர்சன் பாரை இறுக்கினால் மூன்று அங்குலம் ஏறும், செலவே இல்லை என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா அண்ணை? (சாவகச்சேரி)

ஏறும் தம்பி, ஆனால் மூன்று அங்குலம் வேண்டாம். டோர்சன் பார் ஒரு நீளமான உருக்குத் தண்டு. ஒரு நுனி சில்லைத் தாங்கும் கையிலும் (சஸ்பென்சன் ஆம்) மற்ற நுனி சேசியிலும், அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்திலும், இருக்கும். சில்லு மேலே வரும்போது தண்டு முறுகும். அந்த முறுக்குத்தான் ஸ்பிரிங். சேசிப் பக்கத்துப் போல்ட்டை இறுக்குவதால் தண்டு பலமாகிவிடாது. அது முறுகத் தொடங்கும் இடம் மட்டும் மாறும். வாகனம் உயர்ந்து நிற்கும், ஆனால் சில்லு மேலும் கீழும் போகிற மொத்தத் தூரம் கூடாது. கீழே இறங்க இருந்த இடத்தை எடுத்துத்தான் உயரமாக்குகிறீர்கள். அளவு மீறினால் மேல் கை (அப்பர் ஆம்) எந்நேரமும் ரப்பர் தடுப்பில் ஒட்டி நிற்கும். சின்னக் குழி வந்தாலும் சில்லு இறங்க இடமில்லாமல் ‘டக்’ என்று அடிக்கும். பலர் அதைக் கேட்டுவிட்டுச் சொக் அப்சோபரை மாற்றுகிறார்கள், சத்தம் போவதில்லை.

உங்களுடையது ஃபோர் வீல் என்பதால் இன்னொன்றும் உண்டு. உயரம் கூடக்கூட, முன் சில்லைச் சுழற்றும் தண்டு (டிரைவ் ஷாஃப்ட்) கூடுதலாகச் சாயும். அந்தத் தண்டின் மடங்கும் மூட்டான சீ.வி. ஜொயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து கிழியும். கிரீஸ் வெளியே போய் மணல் உள்ளே வந்தால் ஜொயின்ட் முடிந்தது. செலவே இல்லை என்றவர் இதைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். 25 முதல் 40 மில்லிமீற்றர் வரை போதும்.

எங்கேயிருந்து எங்கே அளப்பது?

சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை. நிலத்திலிருந்து அளந்தால் ரயர் தேய்மானமும் காற்றும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

நானே வீட்டில் இறுக்கலாமா? (கோண்டாவில்)

பொறுமை இருந்தால் செய்யலாம். முதலில் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். போல்ட்டில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டிவந்தால் உதவும். பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜக் பண்ணி, சேசிக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். சீமெந்துக் கல்லும் பனங்குற்றியும் ஸ்டாண்ட் ஆகாது. சீமெந்துக் கல் எந்த அறிகுறியும் காட்டாமல் நொருங்கும், நீங்களோ அதற்குக் கீழே படுத்திருப்பீர்கள். சில்லுகள் தொங்கும்போது பாரின் முறுக்கு குறைந்திருக்கும், போல்ட்டும் இலகுவாகச் சுழலும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இறக்கியவுடன் அளக்க வேண்டாம். ஜக்கிலிருந்து இறங்கிய வாகனம் கொஞ்சநேரம் உயர்ந்தே நிற்கும். சில யார் தூரம் முன்னும் பின்னும் ஓட்டி, பம்பரை அமத்தி ஆட்டிவிட்டு அளந்தால்தான் சரியான கணக்கு வரும்.

பிறகு வீல் அலைன்மென்ட். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உயர்த்தினால் சில்லின் மேல்பக்கம் வெளியே சாயும்; ரயரின் வெளி விளிம்புதான் முதலில் தேயும். டோ (மேலிருந்து பார்க்கையில் சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிபார்த்து அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். காம்பர் (சில்லின் உள்-வெளிச் சாய்வு), காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்லைட்டையும் இறக்குங்கள், எதிரே வருகிறவனும் வீட்டுக்குப் போகவேண்டும்.

எனக்கு இடப்பக்கம் மட்டும் இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தை இறுக்கினால் போதுமா?

பொறுங்கள், நோய் பின்பக்கத்திலும் இருக்கலாம். பின் பிளேட் (அடுக்கு ஸ்பிரிங்கின் உருக்குத் தகடு) ஒன்று உடைந்தாலோ தளர்ந்தாலோ முழு வாகனமும் சாய்ந்து, முன்பக்கம் இறங்கியதுபோலத் தெரியும். பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்சலின் கீழே ஜக் வைத்துப் பின் சில்லுகளை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் நேராகிவிட்டால் குற்றம் பின்னால். அப்போதும் சாய்ந்தே நின்றால் முன்பக்கத்து ரப்பர் புஷ்களைப் பார்த்துவிட்டு, பாரில் கை வையுங்கள். கழற்ற நேர்ந்தால் இடது பார் இடதுக்கு, வலது பார் வலதுக்குத்தான். மாறிப் பூட்டக்கூடாது.

பனிக்கட்டியும் மீன் பெட்டியும் ஏற்றுவதால் பின்னுக்குப் பிளேட் கூட்டினேன். இப்போது முன்பக்கம் குனிந்து நிற்கிறது. (பருத்தித்துறை)

வழக்கமாக ஏற்றுகிற பாரத்தை ஏற்றிவிட்டுப் பாருங்கள். வெறும் கப் கொஞ்சம் குனிந்துதான் நிற்கவேண்டும், பின்பக்கம் சுமைக்காகச் செய்யப்பட்டது. பாரத்தோடு நேராக நின்றால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

ஹைலக்ஸ் விகோவுக்கு டோர்சன் பார் இல்லையே, என்ன செய்யலாம்?

அதற்குச் சுருள் ஸ்பிரிங். சொக் அப்சோபரின் தலைக்கு மேலே ஸ்பேசர் என்ற இடைத்துண்டு வைக்கிறார்கள். 25 மில்லிமீற்றர் ஸ்பேசருக்குச் சில்லில் ஏறத்தாழ இரு மடங்கு உயரம் கிடைக்கும்; இதை அறியாமல் இரண்டு அங்குல ஸ்பேசர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இரும்பு பம்பரோ வின்ச்சோ பூட்டியதால் இறங்கியது என்றால் ஸ்பேசரை விட அந்தப் பாரத்துக்கேற்ற ஸ்பிரிங்கே நல்லது. ஸ்பிரிங்கைக் கழற்றுவதைக் கருவி உள்ள கராஜுக்கு விட்டுவிடுங்கள். அமுக்கிய ஸ்பிரிங் கைநழுவினால் உயிரையே எடுக்கும்.

மணற்காடு பக்கம் அடிக்கடி போகிறேன், மணலில் புதைகிறது. உயர்த்தினால் சரியாகுமா?

ஆகாது. புதைவது ரயர். மணலில் இறங்கமுன் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள், தார் வீதிக்கு வந்ததும் மெதுவாக ஓடிப்போய் மறுபடி நிரப்புங்கள். சஸ்பென்சனை எவ்வளவு உயர்த்தினாலும் பின் டிஃபரென்சல் இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய ரயர் மட்டும்தான்.

கார்த்திகை மழையில் ஒழுங்கை முழுக்க வெள்ளம். அதற்காவது உயரம் உதவாதா?

ஓரளவு. எஞ்சின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் எல்லை. டிஃபரென்சலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயையும் நீட்டி மேலே கட்டுங்கள். மலிவான வேலை, ஒருவரும் செய்வதில்லை.

டூ வீல் கப்புக்கும் இதே கட்டுப்பாடா?

சீ.வி. கவலை இல்லை. மற்றதெல்லாம் அதேதான்.

ஊர்காவற்றுறையில் இருக்கிறேன். பார் போல்ட் துருவேறி அசையவில்லை. காஸ் வைத்துச் சூடாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் பாரின் உருக்குப் பதம் போய்விடும். பிறகு அது ஸ்பிரிங் இல்லை, வெறும் கம்பி. உப்புக்காற்றில் ஓடுகிற வாகனங்களுக்கு இது வழமை. மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள். பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, முறுக்கைக் குறைத்துவிட்டு அசைத்துப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் போல்ட்டை வெட்டிப் புதிது போடுவது கராஜ் வேலை. புதுப் போல்ட்டுக்கு மறக்காமல் கிரீஸ் பூசச் சொல்லுங்கள்.